இலை ஒட்டாத முழங்கால்

சோலெங் பிறந்தபோது தலைக்கு முன்னால் கால் வந்தது. கடல்தாண்டித் தீவுநாடு ஒன்றில், நவோத்தாஸ் மீன்துறைப் பக்கம் அப்படிப் பிறந்த பிள்ளை வளர்ந்து என்ன ஆகும் என்று யாரும் தலையைப் பிய்த்துக்கொள்வதில்லை. தொண்டையில் மீன்முள் சிக்கியவன் தானே வாசலுக்கு வந்து நிற்பான். காலால் பிறந்தவர் கழுத்தைத் தடவினால் முள் இறங்கும், கணுக்காலைத் தடவினால் சுளுக்கு இறங்கும். இதை அங்கே நம்பிக்கை என்றுகூடச் சொல்லமாட்டார்கள். சோறு வடித்தால் கஞ்சி வரும் என்பதை யாராவது நம்பிக்கை என்பார்களா? மூன்று வேளையும் மீன் தின்கிற ஊரில், பால்பல் விழும் முன்பே சோலெங்குக்கு வேலை வந்துவிட்டது.

பிறகு முள்ளைவிடச் சுளுக்கே அதிகமாக வந்தது. அதற்குக் காரணம் கூடைப்பந்து. அந்தச் சந்துகளில் கதவில்லாத வீடு உண்டு, கூடையில்லாத சந்து கிடையாது. ரப்பர் செருப்போடு ஆடுவார்கள், செருப்பு பிய்ந்தால் வெறுங்காலோடு ஆடுவார்கள். கடல் ஏறி ஆடுகளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றால் பந்தைத் தட்டாமல் கையில் ஏந்திக்கொண்டு ஆடுவார்கள். விழாமல் என்ன செய்வார்கள்? விழுந்தவர்களையெல்லாம் சோலெங் வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள்.

சுளுக்குக்கு அந்த ஊரில் பிலாய் என்று பெயர். நாளைக்குச் சரியாகிவிடுகிற நொண்டலும் பிலாய்தான், சாகிறவரை நொண்டினாலும் பிலாய்தான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல்லைக் கட்டிவைத்த புண்ணியவான் எவனோ, அவனை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

சோலெங் வைத்தியத்தில் வித்தை ஒன்றும் இல்லை. இஞ்சி தட்டிப்போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய், அனலில் வாட்டிய வாழையிலைக் கீற்று, அவளுடைய இரண்டு கட்டைவிரல்கள், அவ்வளவுதான். எண்ணெய் தடவிய கீற்றை வலிக்கிற இடத்தின் மேல் மெதுவாக இழுப்பாள். வழுக்கிக்கொண்டே வருகிற இலை ஓரிடத்தில் ஒட்டி நிற்கும். அங்கேதான் பிலாய். எங்கேயும் ஒட்டாவிட்டால் அது பிலாய் இல்லை, வேறு ஏதோ. அப்படிப்பட்டவர்களை அவள் தொடமாட்டாள். "இது என் கைக்கு உள்ளது இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்லிவிடுவாள். முகம் பார்த்து மாற்றிச் சொல்கிற வழக்கம் அவளிடம் இருந்ததில்லை. ஊரார் அவள் கையை நம்பியதற்கு அதுதான் காரணம். வயதில் சிறியவர்கள் எல்லோருக்கும் அவள் ஆலிங் சோலெங். அதாவது சோலெங்கக்கா.

அவள் புருஷன் பெயர் அம்போ. அம்ப்ரோசியோ என்று ஞானஸ்நானத்தில் வைத்ததைச் சுருக்கி அப்படிக் கூப்பிட்டார்கள். தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அந்த மனுஷனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பெயரை மாற்றியிருக்க மாட்டார். படகிலிருந்து மீன் தொட்டிகளை இழுக்கிற வேலை. ஐந்தடியை எட்டிப்பிடித்த உயரம். இந்த இருவருக்கும் பிறந்த ஒரே மகன் டிண்டோ கல்லூரி முடிக்கும்போது ஆறரை அடி இருந்தான். எதிர்வீட்டு மூன்றுசக்கர வண்டிக்காரன் குலாஸுக்கு இதைவிடப் பெரிய பண்டிகை வேண்டியிருக்கவில்லை.

"அம்போண்ணே, அந்தக் காலத்துல ஐஸ் கட்டி எறக்க வந்த லாரிக்காரன் நல்ல ஒசரமாமே?"

"ஆமாடா. அவன் ஒங்க வீட்டுக்கும்தான் வந்தான். ஒன்னப் பாத்தா அவன் வேலைய ஒழுங்கா செய்யலன்னு தெரியுது."

குலாஸ் வண்டி ஓட்டுவது சும்மா பேருக்கு. அவனுக்கு உயிர் ஒலிபெருக்கியில் இருந்தது. சந்துப் போட்டிகளுக்கெல்லாம் வர்ணனை அவன்தான். ஆட்டக்காரர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பதும், நடுவரின் மாமியாரை விசாரிப்பதும், தொழில்முறை அணிகள் எவனை எடுத்திருக்க வேண்டும், எவனை விட்டிருக்க வேண்டும் என்று தீர்ப்பு எழுதுவதும் அவன் வேலை. ஆண்டுக்கொரு முறை புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துப் பொறுக்கியெடுக்கும் டிராஃப்ட் வந்தால் குலாஸ் சோறு தின்னமாட்டான். வண்டியில் ஏறுகிற ஆள் சந்தைக்குப் போகவேண்டும் என்று சொல்வதற்குள், எந்த அணி மேலாளர் முட்டாள் என்று தெரிந்துகொண்டுவிடுவான்.

அந்த வருஷம் டிராஃப்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஊர்த் திருவிழாப் போட்டி வந்தது. அரையிறுதியில் டிண்டோ எகிறிப் பந்தைப் பிடித்து இறங்கியபோது ஈரத்தில் கால் வழுக்கியது. உடம்பு ஒரு பக்கம் போக, முழங்கால் மறுபக்கம் போனது.

"கோபுரம் சாஞ்சிருச்சு!" என்று குலாஸ் ஒலிபெருக்கியில் அலறினான். "ஆனா ஒருத்தரும் பயப்பட வேணாம்! கோபுரத்தப் பெத்தவங்களே ரெண்டாவது வரிசையில ஒக்காந்திருக்காங்க! ஆலிங் சோலெங், எண்ணெயக் காய்ச்சுங்க!"

கூட்டம் சிரித்தது. சோலெங்கும் சிரித்துக்கொண்டேதான் எழுந்தாள்.

வீட்டில் டிண்டோவைக் கட்டிலில் கிடத்தினாள். கட்டிலுக்கு வெளியே ஓர் அடி நீட்டிக்கொண்டிருந்த அந்தக் காலுக்கு எண்ணெய் தடவி, இலைக் கீற்றை இழுத்தாள். இலை வழுக்கிக்கொண்டு வந்தது. மேலிருந்து கீழே, உள்பக்கம், வெளிப்பக்கம், முழங்காலின் பின்குழி, எங்கேயும் நிற்கவில்லை. வேறொரு கீற்றை வாட்டி எடுத்து இழுத்தாள். அதுவும் நிற்கவில்லை. கட்டைவிரல்களை முட்டிக்கு இருபுறமும் வைத்து அழுத்தியபோது, உள்ளே எலும்பு லேசாக முன்னால் நகர்ந்து திரும்பியது, மேஜை இழுப்பறை நகர்வதுபோல. எத்தனையோ முழங்கால்களைத் தொட்ட கை அது. அப்படி ஒன்றை அது கண்டதில்லை.

"அம்மா," என்றான் டிண்டோ. "பிலாய்தானே?"

சோலெங் எண்ணெயைத் தொட்டாள்.

"ஞாயித்துக்கெழம ஃபைனல். பரோலா டீம்காரங்க ஆளு அனுப்புறாங்களாம், என்னப் பாக்க. பிலாய்தானேம்மா?"

வாசலில் அம்போ நின்றுகொண்டிருந்தார். மீன்தொட்டி இழுத்துக் காய்த்த கைகள் இரண்டையும் மார்போடு கோத்துக்கொண்டு, ஏதோ மாதா கோயிலுக்குள் நிற்பதுபோல நின்றார். அந்த மனுஷன் தன் ஆயுசில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அன்றைக்குக் கண்ணால் கேட்டார்.

"பிலாய்தான்," என்றாள் சோலெங். "வீக்கம் வடியட்டும். வெளையாடு."

வீக்கம் வடிந்தது. டிண்டோ ஆடினான். எப்படி ஆடினான் என்று குலாஸைக் கேட்டால் விடியவிடியச் சொல்வான். ஆடுகளத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த ஒரு வழுக்கைத்தலைக்காரர், பாதி ஆட்டத்தில் கடலையை மறந்து முன்னால் சாய்ந்துவிட்டார். அவர்தான் பரோலா மத்தி அணியின் மேலாளர் தஞ்சாங்கோ.

ஆம், மத்தி. டின்னில் அடைத்து விற்கிற மத்திமீன் கம்பெனியின் அணி அது. அங்கே அணிகளுக்கு ஊர்ப் பெயர் கிடையாது, கம்பெனிப் பெயர்தான். டிராஃப்ட் அன்று ஐந்தாவதாகப் பொறுக்கும் முறை பரோலாவுக்கு வந்தது. எல்லா நிபுணர்களும் கெர்வின் என்ற பையனைத்தான் எடுப்பார்கள் என்று அடித்துச் சொல்லியிருந்தார்கள். தஞ்சாங்கோ டிண்டோவின் பெயரைச் சொன்னார். தொலைக்காட்சியில் நிபுணர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். நவோத்தாஸில் அதை யார் பார்த்தது? கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுத்துவிட்டது என்று சந்தே துள்ளியது. அன்று மாலைக்குள் சுற்றுவட்டாரக் கடைகளில் பரோலா டின் ஒன்றுகூட மிச்சமில்லை. பச்சை மீன் துடிக்கிற துறைமுகத்து ஜனங்கள் டின் மீனை வாங்கித் தின்றார்கள்.

ஒப்பந்தத்துக்கு முன்னால் அணி மருத்துவர் டிண்டோவை உட்காரவைத்து, "ஏதாவது இஞ்சுரி உண்டா?" என்று கேட்டார். "இல்லை" என்றான். பொய் சொல்லவில்லை. அந்தச் சந்தில் இஞ்சுரி என்றால் ஆஸ்பத்திரி, பிலாய் என்றால் சோலெங். "பிலாய் உண்டா?" என்று அந்த மருத்துவர் கேட்டிருந்தால், "நூறு தடவை" என்று சிரித்திருப்பான். அவர் கேட்கவில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் அது நடந்தது. ஒருவரும் இடிக்கவில்லை, தரையும் உலர்ந்துதான் இருந்தது. டிண்டோ தனியாக ஓடிவந்து, தனியாக எகிறி, தனியாக விழுந்தான். எழவில்லை. வீட்டில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த சோலெங்கின் கட்டைவிரல்கள் தாமாகவே அவளுடைய முழங்காலை இரண்டு பக்கமும் பற்றிக்கொண்டன. அந்த இழுப்பறை முழுசாகக் கழன்று விழுந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? திரைக்குள் கையை விட முடியுமா?

மறுநாள் ஸ்கேனில் தசைநார் அறுந்தது தெரிந்தது. வெட்டித் தைக்காமல் ஓட முடியாது, தைத்தாலும் இந்த வருஷம் ஆட்டமில்லை.

அதற்குப் பிறகு ஊர் நீதிமன்றமாகிவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மீன் வாங்கப் போனாலும் அதே பேச்சு, பூசைக்குப் போனாலும் அதே பேச்சு. ஒருநாள் சோலெங் எண்ணெய்க்குத் தேங்காய் வாங்கிக்கொண்டு ஜீப்னி என்கிற பங்குவண்டியில் வந்தாள். ஓட்டுநரின் ரேடியோவில் இரண்டு பேர் அணிகளுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பரோலாவுக்கு என்ன மார்க்?"

"முட்டை. அதுவும் அழுகுன முட்டை. கெர்வின் நேத்திக்கு மட்டும் இருவது பாயின்ட் அடிச்சிருக்கான். இவங்க ஒத்தக்கால் கொக்க வாங்கி வெச்சிருக்காங்க!"

வண்டிக்குள் சிரிப்பு. எதிரே உட்கார்ந்திருந்த பெண் பையை மடியில் இழுத்துக்கொண்டு, "அந்தப் பையனோட அம்மா சுளுக்கு எடுக்கிறவளாமே" என்றாள்.

"வாத்தியார் புள்ள மக்கு, வைத்தியர் புள்ள சீக்கு," என்றார் பக்கத்துக் கிழவர். "அந்த மேலாளனச் சொல்லணும். கண்ண எங்க வெச்சிக்கிட்டு எடுத்தான்?"

சோலெங் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கக்கா, நீங்களா இருந்தா யார எடுத்திருப்பீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

சோலெங் மடியிலிருந்த தேங்காயைப் பார்த்தாள். "எனக்கு ஆட்டம் தெரியாது" என்றாள். இறங்கவேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கி நடந்தாள்.

இதையெல்லாம் குலாஸால் பொறுக்க முடியவில்லை. டிண்டோவைத் தோளில் தூக்கி வளர்த்தவன் அவன். கோபம் தலைக்கேறி ஒருநாள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, அந்த ரேடியோ நிகழ்ச்சிக்கே போன் போட்டான். சந்து முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏய், யாரப் பாத்துடா ஒத்தக்கால் கொக்குங்கற? எங்க டிண்டோ சிங்கம்டா! திருவிழா அரையிறுதியில முட்டி வீங்கிப் பூசணிக்காயா ஆச்சு. அவங்கம்மா எண்ணெயப் போட்டு ஒரு தடவு தடவுனாங்க. ஞாயித்துக்கெழம ஃபைனல்ல வந்து ஆடுனான்டா! ஒங்க கெர்வின் ஆடுவானா அப்பிடி?"

சந்தில் கைதட்டினார்கள். ரேடியோவில் இருந்த இருவரில் ஒருவன் மெதுவாகக் கேட்டான், "அப்போ டிராஃப்டுக்கு முன்னாடியே அந்த முட்டி போயிருந்துச்சுங்கறீங்க?"

குலாஸ் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளையாவது தானே கெட்டது. குலாஸ் வாய் கெடுத்தது அடுத்த வீட்டுப் பிள்ளையை.

அடுத்த நாளே தஞ்சாங்கோ பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார். டிண்டோ அப்போது அணி சேர்த்துவிட்ட மருத்துவமனையில் இருந்தான். தஞ்சாங்கோ கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சோலெங்குக்கு லேசாக இருந்திருக்கும். சட்டை நனைய வியர்த்திருந்தார். அம்போ கொடுத்த கஞ்சியை வேண்டாம் என்று சொல்லாமல் குடித்தார்.

"அம்மா, நான் ஒண்ணு கேக்கறேன். கோச்சுக்காதீங்க. அன்னைக்கு அது பிலாயா, இஞ்சுரியா?"

சோலெங் வாய் திறப்பதற்குள் அவரே கையமர்த்தினார்.

"நீங்க எதச் சொன்னாலும் ஒண்ணுதான். ஸ்கேன்ல பழைய கிழிசல் தெரியுது. மெஷின் ஏற்கெனவே சொல்லிருச்சு. இப்போ கேள்வி வேற. பழி போட முதலாளி ஒரு ஆள் கேக்கறார். எதுக்குடா இவன எடுத்தன்னு ஊரே என்னப் பாத்துக் கேக்குது. ஒங்க பையன் தெரிஞ்சே மறச்சான்னா, ஒப்பந்தம் அங்கயே கிழிஞ்சிரும். ஆபரேஷன், சம்பளம் எதுவும் கெடயாது. நான் தப்பிச்சிருவேன்."

"மறைக்கலைங்க அவன்."

"அதத்தான் சொல்ல வந்தேன். அவனுக்குத் தெரியாது, ஒண்ணுமில்லன்னு வேற யாரோ சொன்னாங்க, அவன் நம்பிட்டான், அப்பிடின்னா பையன் மேல தப்பில்ல. ஆபரேஷன கம்பெனி பாத்துக்கும். அவன் இருப்பான், நானும் இருப்பேன்." கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "யாராவது ஒருத்தர் மேல விழணும்மா. அது ரெண்டு பேர் மேலயும் விழாம இருக்கணும்னா…"

கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"என் மேல விழட்டும்," என்றாள் சோலெங்.

அம்போ தலைநிமிர்ந்தார். "சோலெங், ஒன் கைய நம்பித்தான் ஊரே…"

"கைய வெச்சு என்னய்யா பண்ணப்போறேன்? அவனுக்குக் கால் வேணும்."

டிண்டோ வந்து பத்திரிகைக்காரர்களிடம் பேசவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. என்ன சொல்லவேண்டும் என்பதையும் தஞ்சாங்கோ சொல்லிக்கொடுத்தார். எங்கம்மா சுளுக்கு எடுப்பாங்க, ஒண்ணுமில்ல வெளையாடுன்னாங்க, நான் நம்பினேன். அவ்வளவுதான். அதற்கு முந்தின நாள் சோலெங் மருத்துவமனைக்குப் போனாள். கட்டில் அங்கேயும் டிண்டோவுக்குப் பத்தவில்லை. கால் வெளியேதான் நீட்டிக்கொண்டிருந்தது.

"சொல்லிருடா," என்றாள். "பொய் ஒண்ணும் இல்லையே. நான்தான சொன்னேன்."

டிண்டோ மேலே பார்த்துக்கொண்டிருந்தான். "ஊர்ல அதுக்கப்புறம் ஒங்கிட்ட யாரு வருவா?"

"வராட்டிப் போறாங்க. மீன் விப்பேன்." அதற்குமேல் அடக்க முடியாமல் சொல்லிவிட்டாள். "டிண்டோ, அன்னைக்கு எல ஒட்டலடா."

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"பொறந்ததுலேர்ந்து நீ எல இழுக்கறதப் பாத்துக்கிட்டுதான இருக்கேன். ஒட்டலன்னு நானும் பாத்தேன்." அவன் குரல் சின்னப்பிள்ளைக் குரலாகிவிட்டது. "நீ எப்பிடியாவது பிலாய்னு சொல்லிரணும்னுதான் கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன், பாத்தியா?"

சோலெங் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். அவன் அழவில்லை. "சரிம்மா, நீ சொன்னபடியே சொல்றேன்" என்றான்.

மறுநாள் பிற்பகல் சோலெங் வீட்டில் நிற்க இடமில்லை. வாசலில், ஜன்னலில், எதிர்த் திண்ணையில் என்று சந்தே தொலைக்காட்சி பார்த்தது. குலாஸ் மட்டும் ஒரு மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். போன் பேசிய நாளிலிருந்து அவனுக்கு வாயைப் பொத்துவது பழக்கமாகிவிட்டது. திரையில் டிண்டோ ஊன்றுகோலைச் சாய்த்துவைத்துவிட்டு உட்கார்ந்தான். பக்கத்தில் தஞ்சாங்கோ வியர்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லு," என்றாள் சோலெங் திரையைப் பார்த்து. "அம்மாதான் சொன்னாங்கன்னு சொல்லு சாமி."

பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டார், "டிராஃப்டுக்கு முன்னாடி முட்டியில அடிபட்டிருந்தது ஒங்களுக்குத் தெரியுமா?"

டிண்டோ ஒலிவாங்கியைப் பிடித்தான். தொடையில் கையைத் தேய்த்தான்.

"தெரியும்," என்றான். "எங்கம்மா எல வெச்சிப் பாத்தாங்க. இது பிலாய் இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போ, வெளையாடாதன்னு சொன்னாங்க. நான்தான் கேக்கல. அவங்க கை ஒரு நாளும் தப்பினதில்ல."

தஞ்சாங்கோ கண்ணை மூடிக்கொண்டார். சந்து வெடித்தது.

"பாத்தியா! ஆலிங் சோலெங் அப்பவே சொல்லியிருக்காங்க!"

"காலால பொறந்தவங்கன்னா சும்மாவா? ஸ்கேன் சொல்றதுக்கு முந்தி எல சொல்லியிருக்கு!"

"இல்ல," என்று கத்தினாள் சோலெங். "இல்ல, நான் அப்பிடிச் சொல்லல, நான் வெளையாடுன்னுதான் சொன்னேன்…"

யாரும் கேட்கவில்லை. ஒருத்தி அவளைக் கட்டிக்கொண்டு, "எந்தத் தாய்தான் புள்ளய விட்டுக்குடுப்பா, பாவம், அவன் தப்பத் தன் தலையில போட்டுக்கறா பாரு" என்று கண்ணைத் துடைத்தாள். மறுநாள் சோலெங் தஞ்சாங்கோவின் ஆபீசுக்கே போய்ச் சொன்னாள். அவர் எழுந்து நின்றுதான் பேசினார். "பையனே தெரியும்னு ஊர் முன்னாடி சொல்லிட்டானேம்மா. இனிமே நீங்க எதச் சொன்னாலும் பெத்த பாசம்னுதான் சொல்லுவாங்க" என்றார். அவர் குரலில் நிம்மதி இருந்தது. அதற்காக அவர் வெட்கப்பட்டதும் தெரிந்தது. சோலெங் படியிறங்கி வந்துவிட்டாள்.

ஒப்பந்தம் கிழிந்தது. ரேடியோவில் பரோலாவுக்குப் புது மார்க் போட்டார்கள். தேர்வு தப்பில்லை, பையன்தான் ஏமாற்றிவிட்டான் என்று தீர்ப்பு மாறியது. டிண்டோவின் பெயர் அரசாங்க ஆஸ்பத்திரியில் முறைக்குக் காத்திருந்தது. அவனுக்கு முன்னால் லாரியில் அடிபட்டவர்களும் சாரத்திலிருந்து விழுந்தவர்களும் கிடந்தார்கள். ஓடுகிற காலாகத் திரும்ப வேண்டுமென்றால் சீக்கிரம் செய்யவேண்டும் என்று மருத்துவர் சொன்னார். சீக்கிரம் என்பது ஏழைக்கு எங்கே கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. அம்போ ஒவ்வொரு வாரமும் போய் அங்கே நின்றுவிட்டு வந்தார். பெயருக்கேற்றபடி நின்றார் என்று எழுத எனக்கே வாய் கசக்கிறது.

சோலெங் வாசலிலோ கூட்டம் அலைமோதியது. பக்கத்து ஊர் மலபோனிலிருந்தும் வந்தார்கள், ஆற்றுக்கு அக்கரையிலிருந்தும் வந்தார்கள். ஒரு நாளும் தப்பாத கையைத் தேடி வந்தார்கள். அவள் கதவைச் சாத்தினால் திறக்கும்வரை உட்கார்ந்திருந்தார்கள். "எனக்குத் தெரியாது, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றால், எவ்வளவு அடக்கம் பார் என்று மெச்சினார்கள்.

ஒரு காலை குலாஸே நொண்டிக்கொண்டு வந்தான். வண்டியிலிருந்து இறங்கும்போது பள்ளத்தில் கால் மடங்கிவிட்டதாம். கணுக்கால் உப்பியிருந்தது. மற்றவர்கள் வழிவிட்டார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போ, குலாஸ்," என்றாள்.

"என்னக்கா நீங்க. ஆஸ்பத்திரி இஞ்சுரிக்கு." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. "வண்டி ஓட்டாட்டி வீட்ல அடுப்பு எரியாதுக்கா. பிலாய்தானே? பாத்துச் சொல்லுங்க. பிலாய்தானேக்கா?"

இரண்டு தடவை கேட்டான்.

உள்ளே கட்டிலிலிருந்து டிண்டோ, "பாரும்மா, பாவம்" என்றான். தொலைக்காட்சியில் கெர்வின் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதை அணைப்பதும் இல்லை, பார்ப்பதும் இல்லை.

சோலெங் எண்ணெய் தடவினாள். இலையை வாட்டி எடுத்துக் குலாஸின் கணுக்கால் மேல் வைத்து இழுத்தாள். வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தார்கள். இலை வழுக்கிக்கொண்டு வந்தது, வந்தது, வெளிப்பக்கக் கணுமுட்டுக்குக் கீழே வந்து நின்றது.

"ஒட்டிருச்சு!" என்றார்கள் எல்லோரும். "பிலாய்தான்!"

குலாஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். சோலெங் குனிந்தபடியே இருந்தாள். இலை ஒட்டியதா, தன் கைதான் நின்றுவிட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை.